காத்துல வீசினது கணக்குல வராதா சார்?

டிஸ்கி: கோல்ஃப் ஆடற அன்பர்கள் யாராவது இந்தப் பக்கம் வழி தவறி வந்திருந்தா, முழுசாப் படிச்சிட்டுத் திட்டவும். பாதியில திட்டினா அதுவும் ஒரு அடின்னு கணக்குல சேத்துக்குவேன்.

மணிமங்கலத்துல உக்காந்துக்கிட்டு கோல்ஃப் பத்தி எழுதறவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். எங்க ஊர்ல ஒரு பெரிய ஏரி இருக்கு, பழைய கோயில்கள் இருக்கு, விடிகாலையில ஹாரன் அடிக்கிற கம்பெனி பஸ் இருக்கு. கோல்ஃப் கிடையாது. ஆனா இந்தப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை, அந்தப் பக்கம் ஒரகடம்னு ரெண்டு பக்கமும் ஃபாக்டரி. அங்கெல்லாம் கொரியாக்காரர், ஜப்பான்காரர்னு பெரிய மனுசங்க வந்து இறங்கினதுக்கு அப்புறம், அவங்களுக்குப் பார்ட்ஸ் சப்ளை பண்ற நம்மாளுங்களுக்கும் ஞாயித்துக்கிழமை காலையில தொப்பி போட்டுக்கிட்டு புல்லுல நடக்கிற ஆசை வந்துடுச்சு. ஆர்டர் எல்லாம் மீட்டிங் ரூம்ல முடிவாகறது இல்லையாம், ஃபேர்வேயிலதான் முடிவாகுதாம். சொல்றாங்க.

நான் அப்படி ஒரு சப்ளையர் கம்பெனியில க்வாலிட்டி செக்ஷன்ல இருக்கேன். அளக்கறதுதான் பொழப்பு. வெர்னியரும் கேஜும்தான் கூட்டாளி. சில வாரம் முன்னாடி எங்க எம்.டி கூட ஆடற ஒருத்தர் வரமுடியாமப் போக, "நீ சும்மா கூட வாப்பா, ஸ்கோர் எழுது, போதும்"னு கூட்டிட்டுப் போனார். சென்னைக்குப் பக்கத்துல ஒரு கோர்ஸ். பேர் வேண்டாம், பாவம், அந்தப் புல்லு ஒரு தப்பும் பண்ணலை.

பதினெட்டு குழி. குழிப்பந்தாட்டம்னு தமிழ்ல சொல்லலாம், சொன்னா எம்.டிக்குப் பிடிக்காது. மொத்தம் 72 அடியில முடிக்கணும்ங்கிறது கணக்கு. நான் மனசுக்குள்ள எண்ணினது 117. கார்டுல ஏறினது 96.

மிச்சம் 21 எங்க போச்சுன்னு பாக்கலாம் (தொழில் புத்தி, விடாது). காத்துல வீசி பந்துல படாம போனது 4. அதெல்லாம் "ப்ராக்டிஸ் ஸ்விங்". விதிப்படி அடிக்கணும்னு நினைச்சு வீசினா, பட்டாலும் படாட்டியும் அது ஒரு அடி. முதல் அடி கோணலாப் போனதும் "மல்லிகன்"னு சொல்லிட்டு இன்னொரு பந்து வெச்சு அடிச்சது 5. குட்டையிலயும் புதர்லயும் தொலைஞ்ச பந்துக்கு அபராத அடி போடாம விட்டது 3. அப்புறம் குழிக்குப் பக்கத்துல வந்ததும், "அட, அது விழுந்திருக்கும் சார்"னு மத்தவங்க சொல்ல, இவர் பந்தைக் கையில எடுத்துக்கிட்டது 9. அதுக்குப் பேர் கிம்மி. கிம்மியா விட்டுக்கொடுத்தாலும் ஒரு அடி சேக்கணும். இவர் அதையும் சேக்கலை. ஆக இருபத்தி ஒண்ணு. டாலி ஆகுதா?

இதுல கால் விரலால பந்தை மரத்து வேர்ல இருந்து நகத்தினதை நான் எண்ணவே இல்லை. அது பாவக்கணக்கு, வேற லெட்ஜர்.

திரும்பி வரும்போது முடிச்சூர் ரோட்டுல எம்.டி சந்தோசமா சொன்னார்: "இன்னிக்கு நம்ம ஆட்டம் சுமார்தான். வழக்கமா தொண்ணூறுக்குள்ள முடிச்சிடுவேன்." அவர் பொய் சொல்றார்னு நீங்க நினைச்சா, தப்பு. அவர் முகத்தைப் பாத்தேன். மனுசன் நிஜமாவே நம்பறார்! என்னை இந்தப் பதிவு எழுத வெச்சது அந்த நம்பிக்கைதான்.

அதுக்கப்புறம் ரெண்டு ஞாயிறு போனேன், நிறையப் படிச்சேன். அவர் மட்டும் இல்லை, உலகம் பூரா இதே கதைதான். சுமாரா ஆடற ஆம்பளைங்களோட பெரிய மட்டை அடி (டிரைவர்ங்கறாங்க) சராசரியா 215 கெஜத்தை ஒட்டித்தான் போகுதுன்னு பிரிட்டன்ல அளந்து எழுதியிருக்காங்க. கேட்டுப் பாருங்க, எல்லாரும் 250ம்பாங்க. ஏன்னா மூணு வருசம் முன்னாடி இறக்கத்துல, பின்காத்துல, காஞ்ச தரையில ஒரு பந்து 250 போச்சு. அன்னியில இருந்து அதுதான் அவரோட "நார்மல்". மத்ததெல்லாம் "இன்னிக்கு என்னவோ சரியில்லை".

இதோட விளைவு சிரிப்பா இருக்கும். குழி 150 கெஜம் தள்ளி இருக்கு. நடுவுல குட்டை. ஜென்மத்துல ஒரு தடவை 150 போன மட்டையைத்தான் எடுப்பார். அது வழக்கமா 130 தான் போகும். பந்து குட்டையில தொபுக்கடீர். அடுத்த வாரமும் அதே இடம், அதே மட்டை, அதே தொபுக். சராசரி ஆட்டக்காரர் பந்து பெரும்பாலும் குறியைத் தாண்டிப் போறதில்லை, குறிக்கு முன்னாலயேதான் விழுது. தன்னோட சிறந்த அடியைத் தன்னோட சராசரின்னு நினைக்கறதுதான் காரணம். ஒரு சைஸ் பெரிய மட்டை எடுத்தா பாதிப் பிரச்சினை தீரும். எடுக்க மாட்டார். "ஆறாம் நம்பரா? அது வயசானவங்க எடுக்கறது!"

"எனக்கு பட்டிங்தான் சார் வீக்கு, மத்தபடி ஓகே"ன்னு இன்னொரு புலம்பல், எல்லாரும் சொல்றது. கொலம்பியா பல்கலைக்கழகத்து மார்க் பிராடி லட்சக்கணக்கான அடிகளை எடுத்து அலசி 2014ல ஒரு புத்தகமே போட்டார். நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரான ஆட்டக்காரருக்கும் இருக்கற வித்தியாசத்துல மூணுல ரெண்டு பங்கு தூர அடிகள்லதான் வருதாம். அதே ஆள் இன்னொண்ணும் சொல்றார்: டிவியில வர்ற தொழில்முறை ஆட்டக்காரனே எட்டு அடி தூரத்துல இருந்து உருட்டினா ரெண்டுல ஒண்ணுதான் விழும். எங்க எம்.டி எட்டு அடியில விட்டா, அன்னிக்கு முழுக்க கிரீன் பராமரிப்பு சரியில்லைம்பார்.

சரி, ஹேண்டிகேப்புக்கு வரேன். இது கோல்ஃப்ல உள்ள அழகான ஏற்பாடு. கத்துக்குட்டியும் கில்லாடியும் சமமா மோத, கத்துக்குட்டிக்கு இத்தனை அடி சலுகைன்னு ஒரு எண். 2020ல உலகம் முழுக்க ஒரே முறையாக் கொண்டு வந்தாங்க. கடைசி இருபது ஆட்டத்துல நல்லா வந்த எட்டை மட்டும் எடுத்து சராசரி போடறது. கவனிங்க, இருபதுல எட்டு! அதாவது அந்த எண் உங்க திறமையோட மேல்மாடி. தரைத்தளம் இல்லை. "என் ஹேண்டிகேப் பதினெட்டு"ன்னு ஒருத்தர் சொன்னா, அவர் அந்த அளவுக்கு ஆடறது நாலஞ்சு தடவையில ஒரு தடவைதான் இருக்கும். மிச்ச நாளெல்லாம் சில அடி கூடத்தான் வரும். அமெரிக்காவுல ஆம்பளைங்களோட சராசரி 14 சொச்சம்னு சொல்றாங்க, அதுவும் ஒழுங்கா கார்டு போட்டு பதிவு பண்றவங்க மட்டும். எங்க எம்.டி மாதிரி வாயால ஹேண்டிகேப் வெச்சிருக்கறவங்க அதுல சேத்தி இல்லை.

முறை மேல எனக்குக் குறை இல்லை. அது எதுக்குன்னு சொல்லித்தான் செய்யறாங்க. ஆனா நான் நாளைக்கு இருபது பீஸ் அளந்து, நல்லா வந்த எட்டை மட்டும் ரிப்போர்ட்ல போட்டு கஸ்டமருக்கு அனுப்பினா? மறுநாள் நான் மணிமங்கலம் ஏரியில மீன் பிடிச்சிக்கிட்டு இருப்பேன்.

"என்னப்பா, பொழுதுபோக்குக்கு ஆடறாங்க, விட்டுத் தொலையேன்"னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். பொழுதுபோக்குன்னா கார்டு எதுக்கு? பந்தை அடிங்க, நடங்க, இளநி குடிங்க, வீட்டுக்குப் போங்க. எவன் கேக்கறான்? எண்ணவே இல்லைன்னா பொய்யே இல்லை. எண்ணி, எழுதி, கையெழுத்து வாங்கி, அதை ஆபீஸ்ல நாலு பேர்கிட்ட சொல்றப்பதான் எனக்கு அரிக்குது.

நம்மூர் ஆட்டத்தைப் பாருங்க. கோடையில ஏரி வத்தினா எங்க பசங்க டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடுவாங்க. அதுல முதல் பால் "ட்ரையல்ஸ்". அவுட் ஆனாலும் அவுட் இல்லை. மல்லிகனும் அதுதானே? இல்லை சாமி. ட்ரையல்ஸ் எல்லாருக்கும் உண்டு, மட்டை வெச்சிருக்கறவனுக்கும் உண்டு, பால் பொறுக்கறவனுக்கும் உண்டு. முதல்லயே சொல்லிட்டு ஆடறது. அவுட் ஆனதுக்கு அப்புறம் "அது ட்ரையல்ஸ்"னு எவனாவது சொன்னா, மட்டை பறிபோகும், கூடவே பல்லும். அப்புறம் கிட்டிப்புள். எங்க பக்கத்து விதி என்னன்னா, புள்ளை அடிச்சிட்டு "அம்பது"ன்னு நீங்களே கேக்கணும். எதிராளி ஒத்துக்கிட்டா அம்பது உங்களுக்கு. சந்தேகம்னா கிட்டியால அளப்பான். அம்பதுக்கு ஒண்ணு குறைஞ்சாலும் நீங்க அவுட்டு! எப்பேர்ப்பட்ட மூளைக்காரன் இந்த விதியைப் போட்டிருப்பான்? தன்னைப் பத்தி அதிகமா நினைச்சா ஆட்டமே காலி. இந்த ஒரு விதியை கோல்ஃப்ல போட்டா, ஞாயித்துக்கிழமை காலையில கோர்ஸ் காலியா இருக்கும், மாடு மேயும்.

நம்மளை நாமளே ஏத்திக்கறது ஒண்ணும் புதுசில்லை, ஒத்துக்கறேன். 1981ல ஓலா ஸ்வென்சன்னு ஒருத்தர் வண்டி ஓட்டறவங்ககிட்ட "நீ பாதிப் பேரை விட நல்லா ஓட்டறியா?"ன்னு கேட்டார். அமெரிக்காவுல கேட்டவங்கள்ல 93 சதவீதம் ஆமாம்னுட்டாங்க. (நம்ம ஒரகடம் ரோட்டுல கேட்டா நூத்திப் பத்து சதவீதம் வரும், லாரி கிளீனர்களும் சேந்து சொல்வாங்க.) அவ்வளவு ஏன், எங்க ஊரையே எடுத்துக்குங்க. நரசிம்மவர்ம பல்லவன் புலிகேசியை ஓட ஓட விரட்டினதா சொல்ற இடங்கள்ல மணிமங்கலமும் ஒண்ணு. கூரம் செப்பேட்டுல இருக்கு. புலிகேசி திரும்பி ஓடினப்ப அவன் முதுகையே பட்டயமா வெச்சு "வெற்றி"ன்னு எழுதினானாம். எங்களுக்கெல்லாம் புல்லரிக்கும். ஆனா 634ல வெட்டின ஐஹொளெ கல்வெட்டைப் படிச்சா, புலிகேசிதான் பல்லவனைக் காஞ்சிபுரம் மதிலுக்குள்ள ஒளிய வெச்சான்னு இருக்கு. சண்டைகள் வேற வேறன்னாலும், ரெண்டு பேர் ஆளுங்களும் தோத்த நாளைக் கார்டுல ஏத்தலை பாருங்க. அவங்கவங்க நல்லா வந்த எட்டை மட்டும் கல்லுல வெட்டிட்டாங்க.

சரி, ரூட் மாறுது. கேடிக்கு வரேன். மட்டைப் பையைத் தூக்கிட்டுக் கூட நடக்கறவருக்குப் பேர் கேடி. நம்மூர்ல அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம். மூணு வாரம் பாத்ததுல அர்த்தம் தப்பான ஆள் மேல ஒட்டியிருக்குன்னு தெரிஞ்சுது. அன்னிக்கு வந்தவருக்கு அம்பது வயசு இருக்கும். பந்து எங்க விழும்னு அடிக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு நடக்க ஆரம்பிச்சிடுவார். "ஆறாம் நம்பர் எடுங்க சார்"னு ரெண்டு தடவை மெதுவா சொல்லிப் பாத்தார். எம்.டி ஏழை எடுத்தார். தொபுக். "காத்து சார், எதிர்க்காத்து"ன்னார் இவர். ஒரு இலை ஆடலை!

நான் பின்னாடி தனியாக் கேட்டேன், "ஏண்ணே, நிஜமா எத்தனை?" அவர் சிரிச்சிட்டு, "நூத்திப் பதினேழு. ஆனா நீங்க என்ன எழுதறீங்களோ அதுதான் சார்"னார். ரெண்டு பேரும் தனித்தனியா எண்ணி ஒரே எண்ணுக்கு வந்திருக்கோம்! கேஜ் சரியா இருக்கான்னு பாக்க நாங்க ஃபாக்டரியில பண்ற டெஸ்ட்டே அதுதான்.

இந்த நாட்டுல கோல்ஃப் நிஜமா ஆடினது யார்னு கொஞ்சம் பாருங்க. இந்தியன் ஓப்பனை 1991லயும் 1993லயும் ஜெயிச்ச அலி ஷேர், டெல்லியில கேடியா இருந்தவர். 2009ல ஜெயிச்ச சின்னசாமி முனியப்பா பெங்களூர்ல கேடியா இருந்தவர். 2016, 2017னு அடுத்தடுத்து ஜெயிச்ச சௌராசியாவோட அப்பா கொல்கத்தாவுல கோர்ஸ் புல்லைப் பராமரிச்சவர். பை தூக்கினவனும் புல்லு வெட்டினவன் பையனும் கோப்பை வாங்கறான். பை வாங்கினவர் 96 போடறார். கிண்டியில ரேஸ் கோர்ஸுக்கு நடுவுலயும் கோல்ஃப் ஆடினாங்களே, அந்த 160 ஏக்கருக்கு ரேஸ் கிளப் கொடுத்த வருச வாடகை 614 ரூபாய் சொச்சம்னு 2024 செப்டம்பர்ல அரசு நிலத்தைத் திருப்பி எடுத்தப்பதான் நம்மளை மாதிரி ஆளுங்களுக்குத் தெரிஞ்சுது. அதை விட பெரிய கிம்மி எதுவும் இருக்கா சொல்லுங்க.

வெளிநாட்டுக்காரன் எல்லாம் யோக்கியம்னு சொல்ல வரலை. அதே ஞாயிறு எங்க கஸ்டமர் கம்பெனி ஆள் ஒருத்தர் மணல் குழியில இருந்து பந்தைக் கையால தூக்கிப் போட்டதை நானே பாத்தேன். ஆனா அவங்க கூட வந்த ஒரு பெரியவர், அறுபதைத் தாண்டினவர், காத்துல வீசினதுக்குக் கூட ஒரு விரல் நீட்டிக் காட்டுவார், என்னைப் பாத்து எழுதிக்கோன்னு. மொத்தம் 121 போட்டார். அன்னிக்கு வந்த நாலு பேர்ல கடைசி. அவர் முகத்துல எந்த வருத்தமும் இல்லை. பாபி ஜோன்ஸ்னு ஒரு மகா ஆட்டக்காரர், 1925 அமெரிக்க ஓப்பன்ல பந்து லேசா அசைஞ்சதை வேற யாரும் பாக்கலைன்னாலும் தானே சொல்லி ஒரு அடி அபராதம் போட்டுக்கிட்டார். அந்த ஒரு அடியால சமன் ஆகி, மறு ஆட்டத்துல தோத்தார். பாராட்டினவங்க கிட்ட கோவிச்சுக்கிட்டாராம், திருடாம இருக்கறதுக்கு எல்லாம் பாராட்டான்னு. அம்பயர் இல்லாம, ஆடறவனே தன்னைக் கண்காணிச்சுக்கற விளையாட்டு இது. அதுதான் இதோட பெருமையே. அந்தப் பெருமையை மட்டும் எடுத்துக்கிட்டு கண்காணிப்பை விட்டுட்டாங்க நம்மாளுங்க.

இப்ப திங்கக்கிழமைக்கு வரேன். அதுக்காகத்தான் இவ்வளவு நீட்டி முழக்கினேன்.

காலை மீட்டிங். கஸ்டமர்கிட்ட இருந்து மூணு பீஸ் ரிஜெக்ட் ஆகி வந்திருந்தது. ஓரத்துல பிசிறு, நாங்க பர்னு சொல்வோம். அன்னிக்கு அந்த ஷிப்ட்ல அந்த மெஷின்ல ஓடினது 1,800 பீஸ். திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன், கான்ட்ராக்ட். வந்து எட்டு மாசம் ஆகுது. டை தேஞ்சிருக்குன்னு ரெண்டு நாள் முன்னாடியே சொல்லியிருக்கான், ரிஜிஸ்டர்ல இருக்கு. நான் அதைச் சொன்னேன். எம்.டி சொன்னார்: "காரணம் எல்லாம் வேணாம்பா. மூணுன்னா மூணு. கணக்குன்னா கணக்கு." ஒரு நாள் கூலி பிடித்தம்.

1,800ல மூணு. அவனுக்கு மல்லிகன் கிடையாது. "அது சரியா வந்திருக்கும் சார்"னு யாரும் கிம்மி கொடுக்கலை. நல்லா வந்த எட்டு நாளை எடுத்து யாரும் சராசரி போடலை. முந்தின நாள் 21 அடியை முழுங்கின அதே வாய்தான் "கணக்குன்னா கணக்கு"ங்குது. எனக்கு காதுல புகை.

வீட்டுக்கு வந்து எம்.டியை நாலு பாரா திட்டி எழுதி வெச்சேன். அப்புறம் அழிச்சிட்டேன். ஏன்னா கோல்ஃப் கார்டுல ரெண்டு கையெழுத்து. ஒண்ணு ஆடினவர், இன்னொண்ணு மார்க்கர், அதாவது எண்ணினவர். 96ன்னு எழுதின அந்தக் கார்டுல மார்க்கர் இடத்துல இருக்கற கையெழுத்து என்னோடது. பிடித்தப் பேப்பர்ல க்வாலிட்டி கட்டத்துலயும் என் கையெழுத்துதான். பதினாலு வருசமா அளக்கறவன். ஒரே வாரத்துல ரெண்டு ரிப்போர்ட், ஒண்ணுல கண்ணை மூடிக்கிட்டேன், இன்னொண்ணுல வாயை. நான் ஆபீஸ்ல என்னைப் பத்தி நினைச்சுக்கறது என்ன தெரியுமா? "கறாரான ஆளு." எம்.டியோட 250 கெஜம் மாதிரிதான் அதுவும். எப்பவோ ஒரு நாள் கறாரா இருந்திருப்பேன் போல.

வர்ற ஞாயிறும் கூப்பிட்டிருக்கார். வரேன்னு சொல்லியிருக்கேன், கார்டு என் கையில இருந்தா பாத்ததைத்தான் எழுதுவேன்னும் சொன்னேன். சிரிச்சார். ஜோக்குன்னு நினைச்சுட்டார் போல.

டை தேஞ்ச விவரம், ரிஜிஸ்டர் பக்க நம்பரோட, பிடித்தத்தைத் திருப்பித் தரணும்னு ஒரு பேப்பர் எழுதி பையில வெச்சிருக்கேன். ரெண்டு நாளா பையிலயே இருக்கு. திங்கக்கிழமை கொடுக்கணும். அந்தப் பையன் இன்னிக்கு கேன்டீன்ல என்னைப் பாத்து "சாப்ட்டீங்களாண்ணே"ன்னு கேட்டான்.